"ஏழு கடல்" என்கிறார்களே, அந்த ஏழும் எவை? எப்போது அப்படிச் சொல்லலாம்?

இந்தக் கேள்விக்கு வழக்கமாக வரும் பதில் ஒரு பட்டியல்: வட பசிபிக், தென் பசிபிக், வட அட்லாண்டிக், தென் அட்லாண்டிக், இந்தியப் பெருங்கடல், ஆர்க்டிக், அன்டார்க்டிக். ஆக மொத்தம் ஏழு, கணக்கு சரி. ஆனால் இது பின்னாளில் ஒட்ட வைத்த கணக்கு. ஏழு என்ற எண் முதலில் வந்துவிட்டது. அதற்குப் பொருத்தமாக இரண்டு பெருங்கடல்களை வடக்கு, தெற்கு என்று பிளந்து எண்ணிக்கையை நிரப்பிவிட்டார்கள். நம் பாட்டிமார் "ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி" என்று கதை சொன்னபோது அட்லாண்டிக்கை இரண்டாக வெட்டியெல்லாம் யோசித்திருக்க மாட்டார்கள்.

புராணப் பட்டியல் வேறு. நடுவில் நாவலந்தீவு, அதைச் சுற்றி உப்புக்கடல். அதற்கு அப்பால் ஒரு தீவு, பிறகு கரும்புச்சாற்றுக் கடல். இப்படியே வளையம் வளையமாக மதுக்கடல், நெய்க்கடல், தயிர்க்கடல், பாற்கடல், கடைசியில் நன்னீர்க்கடல். நூலுக்கு நூல் வரிசை கொஞ்சம் மாறும், பொருள்கள் பெரும்பாலும் இவைதாம். இதில் ஒரு வேடிக்கை. ஏழில் உப்புக்கடல் நம் கண்முன்னே கிடக்கிறது, சரி. மற்ற ஆறில் தமிழில் நன்றாகப் பிழைத்தது பாற்கடல் ஒன்றுதான். ஆண்டாள் "பாற்கடலுள் பையத் துயின்ற பரமன்" என்கிறாள். கம்பர், தான் இராமகதை சொல்லப் புகுந்தது, பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிட ஒரு பூனை கிளம்பியது போல என்று அவையடக்கம் பாடுகிறார். தயிர்க்கடலுக்கோ நெய்க்கடலுக்கோ அப்படி யாரும் வாய்க்கவில்லை. பட்டியலில் பெயரோடு நின்றுவிட்டன.

நாமும் புராணமும் மட்டுமல்ல, அரபு எழுத்தாளர்களிடமும் ஏழு கடல் உண்டு. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த யஃகூபி, சீனாவுக்குக் கடல்வழியாகப் போகிறவர் ஏழு கடல்களைக் கடக்க வேண்டும் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதினார். அவர் ஹர்கந்த் என்று சொல்வது நம் வங்கக் கடல். அது மாலுமிகளின் பாதைக் கணக்கு. ஆக, ஏழு என்ற எண் மட்டும் பொது. எந்த ஏழு என்பது சொல்கிற ஆளைப் பொறுத்தது.

என்னைக் கேட்டால், தமிழ் வழக்கில் ஏழு கடல் என்பது எண்ணிக்கையே இல்லை. "நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள்" என்கிறோம். எந்த நாலு பேர் என்று யாராவது கேட்கிறோமா? ஏழு கடல் என்றால் இருக்கிற கடல் மொத்தமும், அல்லது போக முடியாத தூரம். இந்த இரண்டு பொருளும் வேறு வேறு இடத்தில் வரும்.

"மொத்தமும்" என்ற பொருளுக்குத் திருவள்ளுவமாலையில் ஔவையார் பெயரில் வரும் வரி போதும்: "அணுவைத் துளைத்தேழ் கடலைப் புகட்டிக் குறுகத் தறித்த குறள்." அணுவுக்குள் எதை நுழைத்தால் வியப்பு? உலகிலேயே பெரியதை. அதற்குத்தான் ஏழ்கடல். இடைக்காடர் பெயரில் உள்ள பாடல் அணுவுக்குப் பதில் கடுகு என்கிறது. கடல் மட்டும் ஏழாகவே இருக்கிறது, குறைக்கவில்லை.

மதுரைக் கதையும் இதே கணக்குதான். திருவிளையாடற் புராணத்தில் "எழுகடல் அழைத்த படலம்" என்று ஒன்று. தடாதகைப் பிராட்டியின், அதாவது மீனாட்சியின், தாய் காஞ்சனமாலைக்குக் கடலாட ஆசை. மகள் கணவரிடம் சொல்ல, ஒரு கடல் எதற்கு என்று ஏழு கடலையுமே மதுரைக்கு வரவழைத்துவிடுகிறார் சோமசுந்தரர். மாமியார் கேட்டது ஒரு முழுக்கு, மருமகன் கொண்டுவந்தது மொத்தச் சரக்கு! மீனாட்சி கோயிலுக்குக் கிழக்கே எழுகடல் தெரு இன்றும் அந்தப் பெயரில்தான் இருக்கிறது.

தூரம் என்ற பொருள் கதைகளில் வரும். அரக்கனின் உயிர் ஏழு கடல், ஏழு மலைக்கு அப்பால் ஒரு கிளிக்குள் இருக்கும். அங்கே எண்ணத் தொடங்கினால் கதை கெட்டுவிடும். பேச்சு வழக்கிலும் "ஏழு கடலுக்கு அந்தப் பக்கம் போய் ஒளிஞ்சாலும் விடமாட்டேன்" என்று மிரட்டுவது உண்டு.

இப்போது, எங்கே பயன்படுத்துவது? மிகைப்படுத்திச் சொல்ல விரும்பும் இடத்தில் தாராளமாக. நிஜமாக வெளிநாடு போனதைச் சொல்ல "கடல் கடந்து" போதும். "கடல் கடந்த தமிழர்" என்பது இயல்பான தொடர். "ஏழு கடல் கடந்த தமிழர்" என்றால் கிண்டல் தொனி வந்துவிடும். புவியியல் பாடத்தில் எழுதவே வேண்டாம். அங்கே இன்றைக்குப் பொதுவாகச் சொல்வது ஐந்து பெருங்கடல்கள். அதிலும் ஐந்தாவதான தென்பெருங்கடலை நேஷனல் ஜியாகிரபிக் தன் வரைபடங்களில் ஏற்றுக்கொண்டதே 2021இல்தான்.

அப்புறம் எழுத்து பற்றி. ஏழ்கடல், எழுகடல், ஏழு கடல் மூன்றும் சரி. எழுபது, எழுநூறு என்பவற்றில் ஏழு குறுகுவது போலத்தான் எழுகடலும். செய்யுள் வாடை வேண்டுமென்றால் முதல் இரண்டு, சாதாரண உரைநடைக்கு மூன்றாவது. மொழிபெயர்ப்புகளைத் திருத்தும்போது நான் அடிக்கடி அடிப்பது "ஏழு கடல்களையும்" என்பதில் உள்ள "கள்". இலக்கணப்படி அது பிழை இல்லை. ஆனால் "கள்" சேர்ந்ததும் படிக்கிறவர் விரல் விட்டு எண்ணத் தொடங்கிவிடுவார். "எட்டுத் திக்கும்" என்பது போல "ஏழு கடலும்" என்று விட்டால் போதும். மொத்தம் என்ற பொருளை அந்த "உம்" பார்த்துக்கொள்ளும்.