பழங்காலக் கிரேக்க நாணயம் அடிக்கப்பட்டதா, வார்க்கப்பட்டதா என்று எப்படி அறிவது?

அடிக்கப்பட்ட நாணயம் என்பது, உருவம் செதுக்கிய இரண்டு அச்சுகளுக்கு இடையே உலோக வில்லையை வைத்துச் சுத்தியலால் ஓங்கி அடித்து உருவாக்கப்பட்டது. வார்ப்பு என்பது உருக்கிய உலோகத்தை அச்சில் ஊற்றி எடுப்பது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸ் வெளியிட்ட, ஒருபுறம் அதீனா தேவியின் தலையும் மறுபுறம் ஆந்தையும் கொண்ட, ஏறத்தாழ 17.2 கிராம் எடையுள்ள வெள்ளி நாணயம் முதல் வகையைச் சேர்ந்தது. அதன் போலிகளில் பல இரண்டாம் வகை.

அடி விழும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் தள்ளப்படுவதால், அசல் நாணயத்தில் மெல்லிய ஓட்டக் கோடுகளும் விளிம்பில் சிறு பிளவுகளும் தென்படலாம். ஊற்றிய உலோகத்திலோ காற்று சிக்கிக்கொள்கிறது. ஊற்றி வேகவைத்த இட்லியின் மேல் நுண்துளைகள் இருப்பதையும், அச்சில் அழுத்திய கொழுக்கட்டையில் கோடுகள் கூர்மையாக விழுவதையும் நினைத்துப் பாருங்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியில் ஆந்தையின் கண்ணைச் சுற்றிக் குமிழ்க் குழிகளும், எழுத்துகளின் ஓரத்தில் சோப்பு கரைந்தது போன்ற மழுக்கமும், விளிம்பில் அரம் போட்டு மறைத்த இணைப்புக் கோடும் தெரிந்தால், அதை வாங்காதீர்கள். என் பார்வையில் இவற்றைவிட உறுதியான சான்று ஒன்று உண்டு: இரண்டு நாணயங்களில் ஒரே கீறலும் ஒரே விளிம்பு வடிவமும் இருந்தால், அவற்றில் ஒன்றாவது நகல்தான்.

ஆழமான வெட்டுக் காயம் உள்ள நாணயத்தைப் போலி என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால், வெள்ளிப் பூச்சுக்குள் செம்பு இருக்கிறதா என்று பார்க்கப் பழங்காலத்தவரே இப்படி வெட்டிச் சோதித்தார்கள்.