போரில் சாகாத தாத்தா

கேள்வி: சங்க காலத்தில் நடக்கிற மாதிரி ஒரு காமெடிப் படத்துக்குக் கதை எழுதுகிறேன். பல போர் பார்த்த கிழவர்தான் ஹீரோ, இப்போது வாளைத் தூக்கினால் தோள்பட்டை பிடித்துக்கொள்ளும். 'வீரத்தைக் கேலி பண்ணாதே' என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். எழுதலாமா?
- வாசகர், காரைக்குடி

பதில்: தாராளமாக எழுதுங்கள். வீரத்தைக் கிண்டல் செய்ததில் ஔவையாரே உங்களுக்கு முன்னோடி. புறநானூறு 95ஆம் பாட்டில், தன்னை ஆதரித்த அதியமானுக்குப் பகைவனான தொண்டைமான் என்ற மன்னனிடம், உன் ஆயுதமெல்லாம் மயிற்பீலி கட்டி மாலை போட்டு நெய் பூசிப் பளபளவென்று இருக்கின்றன, அதியமானுடையவை பாவம், நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று பாராட்டுகிற மாதிரியே காலை வாரிவிடுகிறார். உங்கள் தாத்தாவின் வேல் ஒரு காலத்தில் பட்டறையை விட்டு வெளியே வந்ததே இல்லை, இப்போது நெய் பூசி மாலையோடு மூலையில் நிற்கிறது என்று வைத்துப் பாருங்கள், முதல் காட்சி கிடைத்துவிட்டது.

அப்புறம், உங்கள் பக்கத்து ஒக்கூர்க்காரர் என்று சொல்லப்படும் மாசாத்தியார் பாடிய 279ஆம் பாட்டு. முந்தாநாள் போரில் தமையன் போய்விட்டான், நேற்றுப் போரில் கணவன் போய்விட்டான், இன்று பறை கேட்டதும் இருக்கிற ஒரே பையனுக்கு எண்ணெய் தடவித் தலைசீவிக் கையில் வேல் கொடுத்து அனுப்புகிறாள் ஒருத்தி. (தமையன் இல்லை, தகப்பன் என்றும் உரை உண்டு.) இப்படி ஆளாளுக்கு நடுகல் வைத்திருக்கிற ஊரில் நரை விழுந்து நடமாடுகிற வீரனைப் பார்த்து ஒரு குழந்தை, "எல்லாரும் செத்துட்டாங்களே, நீங்க மட்டும் எப்படித் தாத்தா வந்தீங்க?" என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? அதற்கு அவர் விடுகிற புளுகுதான் உங்கள் படம். மூட்டு வலியை வைத்துச் சிரிக்க வைத்தால் பத்து நிமிஷம் கூடத் தாங்காது.

கேள்வி: அரண்மனைக் காட்சிகளை எங்கள் கானாடுகாத்தான் வீட்டிலேயே எடுக்கலாமா?
- அதே வாசகர்

பதில்: வேண்டாம். பர்மா தேக்குத் தூணும் ஆத்தங்குடிக் கல்லும் நூறு, நூற்றைம்பது வருஷச் சமாச்சாரம். ஊருணிக்கரை, பனங்காடு, செம்மண் பொட்டல் என்று வெளியே எடுங்கள். விருந்துக் காட்சியில் சிவப்பாகக் கோழிக்குழம்பும் வைத்துவிடாதீர்கள், மிளகாய் போர்ச்சுகீசியர் வந்த பிறகுதான் நம் அடுப்புக்கு வந்தது. மிளகு போதும்.

கேள்வி: காரைக்குடியில் சினிமா ஸ்டூடியோவே இருந்ததாமே?
- வாசகி, தேவகோட்டை

பதில்: ஆமாம். ஏவி. மெய்யப்பன் தன் ஏவி.எம். ஸ்டூடியோவைச் சென்னைக்கு மாற்றுவதற்கு முன் இங்கேதான் கொட்டகை போட்டுப் படம் எடுத்தார். 1947இல் வந்த 'நாம் இருவர்' அப்படி எடுத்ததுதான்.