63 சதவீதமா, 52 சதவீதமா? அமெரிக்க மிடில் ஸ்கூல் பற்றி வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: டல்லாஸ் பக்கம் வீடு பார்க்கிறோம். மகள் அடுத்த வருடம் ஆறாம் வகுப்பு. ஒரு அரசு மிடில் ஸ்கூலில் (6 முதல் 8-ஆம் வகுப்பு வரை உள்ள பள்ளி) கணக்கில் 63 சதவீதம் பேர் தேறியிருக்கிறார்கள், இன்னொன்றில் 52. முதல் பள்ளிதானே நல்லது?

பதில்: இந்த இரண்டு எண்ணை மட்டும் நம்பி வீடு வாங்காதீர்கள். முதலில், எந்தப் படியைத் தேர்ச்சி என்கிறார்கள் என்று பாருங்கள். டல்லாஸ் இருக்கும் டெக்சஸ் மாநிலத்தின் ஸ்டார் (STAAR) தேர்வில் 'அப்ரோச்சஸ்', 'மீட்ஸ்', 'மாஸ்டர்ஸ்' என்று ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று தேர்ச்சிப் படிகள். அப்ரோச்சஸ் வாங்கினாலே தேறிய கணக்குதான். ஆனால் அந்த வகுப்புப் பாடம் கைவந்துவிட்டதா என்பதற்கு மீட்ஸ்தான் அளவு. ஒரு பள்ளியின் அப்ரோச்சஸையும் இன்னொன்றின் மீட்ஸையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒப்பீடே தப்பாகிவிடும்.

படி ஒன்றுதான் என்றால், அடுத்த கேள்வி அங்கே யார் படிக்கிறார்கள் என்பது. ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். இரண்டு பள்ளியிலும் 600 பேர். முதல் பள்ளியில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் 500 பேரில் 350 பேரும் (70 சதவீதம்), வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகள் 100 பேரில் 30 பேரும் (30 சதவீதம்) தேறுகிறார்கள். மொத்தம் 380, அதாவது 63 சதவீதம். இரண்டாவது பள்ளியில் வசதியுள்ளவர்கள் 200 பேரில் 150 (75 சதவீதம்), வருமானம் குறைந்தவர்கள் 400 பேரில் 160 (40 சதவீதம்). மொத்தம் 310, அதாவது 52 சதவீதம். இரண்டு பிரிவிலும் இரண்டாவது பள்ளியே முந்துகிறது. ஆனாலும் மொத்தத்தில் 11 புள்ளிக்கு மேல் பின்தங்கித் தெரிகிறது. உங்கள் மகள் எந்தப் பிரிவில் இருந்தாலும், இந்தக் கணக்கின்படி அவளைப் போன்ற பிள்ளைகள் அதிகம் தேறுவது அங்கேதான்.

உங்கள் இரண்டு பள்ளிகளும் இப்படித்தான் என்று சொல்லவில்லை. பிரித்துப் பார்க்காமல் தெரியாது. 2015-இல் வந்த கூட்டாட்சிக் கல்விச் சட்டத்தின்படி 3 முதல் 8 வரை ஒவ்வொரு வகுப்புக்கும் ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணக்கிலும் தேர்வு உண்டு. அதன் முடிவை இனம், வருமானம், ஆங்கிலம் கற்போர், மாற்றுத்திறன் என்று பிரித்து வெளியிட்டாக வேண்டும். ஆகவே தகவல் இருக்கிறது, தேடி எடுப்பதுதான் வேலை. எடுத்ததும் தலை எண்ணிக்கையைப் பாருங்கள். 20 பேர் உள்ள பிரிவில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலே 5 சதவீதம் இறங்கிவிடும். அதனால் மூன்று ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள். நட்சத்திரக் குறி போட்டிருந்தால் எண் பூஜ்யம் என்று பொருளில்லை. பிரிவு மிகச் சிறியது, பிள்ளைகளை அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்று மறைத்திருக்கிறார்கள்.

கடைசியாக, வளர்ச்சி. போன வருட ஆறாம் வகுப்பையும் இந்த வருட ஆறாம் வகுப்பையும் ஒப்பிட்டால் வேறு வேறு பிள்ளைகளை ஒப்பிடுகிறீர்கள். போன வருட ஆறாம் வகுப்பு, இந்த வருட ஏழாம் வகுப்பு என்று ஒரே கூட்டத்தைப் பின்தொடருங்கள். நாடு முழுக்கத் தேர்வு முடிவுகளைத் தொகுத்த ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் ஷான் ரியர்டன் குழு கண்டதும் இதுதான்: சராசரி மதிப்பெண் குடும்ப வசதியோடு இறுக்கமாக ஒட்டிப் போகிறது, ஆண்டுக்கு ஆண்டு வளர்ச்சிக்கு அந்தத் தொடர்பு மிகக் குறைவு. என்னைக் கேட்டால், பார்க்க வேண்டிய முதல் எண் வளர்ச்சிதான்.

கேள்வி: நியூ ஜெர்சியில் எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்புக் கணக்கில் 48 சதவீதம், எட்டாம் வகுப்பில் 20 சதவீதம். எட்டாம் வகுப்பு ஆசிரியர்கள் சரியில்லையா?

பதில்: ஆசிரியர்களைக் குறை சொல்லுமுன் எத்தனை பேர் எழுதினார்கள் என்று பாருங்கள். உங்கள் மாநிலத்தில் எட்டாம் வகுப்பிலேயே அல்ஜீப்ரா 1 (வழக்கமாக உயர்நிலைப் பள்ளியில் வரும் இயற்கணிதப் பாடம்) படிக்கிற பிள்ளைகள் எட்டாம் வகுப்புக் கணக்குத் தேர்வை எழுதுவதில்லை, அல்ஜீப்ரா தேர்வை எழுதுகிறார்கள். கணக்கில் கெட்டிக்காரர்கள் அந்தப் பக்கம் போய்விட, மீதிப் பேரின் முடிவு மட்டும் 'எட்டாம் வகுப்புக் கணக்கு' என்று அச்சாகிறது. உதாரணமாக, வகுப்பில் 200 பேர். 120 பேர் வகுப்புத் தேர்வு எழுதி 24 பேர் தேறினால் 20 சதவீதம். 80 பேர் அல்ஜீப்ரா எழுதி 68 பேர் தேறினால் 85. இரண்டையும் கூட்டினால் 200-க்கு 92, அதாவது 46 சதவீதம். ஏழாம் வகுப்போடு பெரிய வித்தியாசமே இல்லை. தேறியவர் என்பது ஐந்து நிலைகளில் 4, 5 வாங்கியவர் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: ஒரு பள்ளியில் இலவச மதிய உணவு 100 சதவீதம் என்று போட்டிருக்கிறது. எல்லாருமே ஏழைகளா?

பதில்: இல்லை. வழக்கமாக, கூட்டாட்சி வறுமைக்கோட்டில் 130 சதவீதம் வரை வருமானம் உள்ள வீடுகளுக்கு இலவசம், 185 வரை சலுகை விலை. ஆனால் உணவு உதவி போன்ற திட்டங்களின் மூலம் நேரடியாகத் தகுதி பெறும் பிள்ளைகள் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால், பள்ளி விண்ணப்பமே வாங்காமல் எல்லாருக்கும் சாப்பாடு போடலாம். அந்த அளவு 40 சதவீதமாக இருந்தது, 2023-இல் 25 ஆகக் குறைந்தது. பிள்ளைகளுக்கு நல்ல காரியம். ஆனால் வறுமையை அளக்கும் கோலாக அந்த எண் இனி உதவாது. நேரடித் தகுதி பெற்றோர் எத்தனை சதவீதம் என்று பள்ளியில் கேளுங்கள்.

கேள்வி: 'ஆங்கிலம் கற்போர்' பிரிவில் தேர்ச்சி மிகக் குறைவாக இருக்கிறது. சேர்க்கைப் படிவத்தில் வீட்டில் தமிழ் பேசுகிறோம் என்று எழுதினால் மகனையும் அதில் போட்டுவிடுவார்களா?

பதில்: உண்மையை எழுதுங்கள். எழுதினால் ஒரு ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள், நன்றாகச் செய்தால் அந்தப் பிரிவில் சேர்க்க மாட்டார்கள். சேர்த்தால், கல்வியாண்டு தொடங்கி 30 நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். சிறப்பு வகுப்பு வேண்டாம் என்று மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் ஆண்டுதோறும் நடக்கும் மொழித் தேர்வை அவன் எழுதியே ஆக வேண்டும். அந்தப் பிரிவின் எண் தாழ்ந்திருப்பதற்கு ஒரு காரணம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது: ஆங்கிலம் கைவந்த பிள்ளை பிரிவை விட்டு வெளியேறுகிறது, புதிதாக வந்தவர்கள் உள்ளே வருகிறார்கள். வெளியேறியவர்களின் மதிப்பெண்ணை நான்கு ஆண்டு வரை அதே பிரிவில் சேர்த்துக்கொள்ள மாநிலங்களுக்கு அனுமதி உண்டு. ஆகவே வேறு மாநிலத்தோடு ஒப்பிடாதீர்கள்.

கேள்வி: மாணவர்-ஆசிரியர் விகிதம் 12-க்கு 1 என்றால் வகுப்பில் 12 பேர்தானா?

பதில்: இருக்காது. சிறப்புக் கல்வி ஆசிரியர், இசை ஆசிரியர் எல்லாரும் அந்தக் கணக்கில் வருவார்கள். ஆறாம் வகுப்புக் கணக்கு வகுப்பில் எத்தனை பேர் என்று அலுவலகத்தில் நேராகக் கேளுங்கள்.