ஒரே பக்கத்தை மூன்று முறை

கேள்வி: தினமும் ஒரு தலைப்பை எடுத்து அரை மணி நேரம் எழுதுகிறேன். ஆறு மாதமாகியும் கதைகளில் மாற்றம் தெரியவில்லை. பயிற்சியால் பலன் உண்டா?

பதில்: உண்டு. ஆனால் தலைப்புக்கு எழுதுவது கைவேகத்தைக் கூட்டும், அவ்வளவுதான். வருணனை சுலபமாக வருகிறவர் எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் வருணித்துவிட்டு எழுந்துவிடுவார். பயிற்சியில் ஒரு தடை இருக்கவேண்டும். அது உங்கள் பலவீனத்தை மறிக்கவேண்டும்.

எழுதி முடித்த மூன்று கதைகளை எடுங்கள். கோபம், சோகம், தவிப்பு என்று உணர்ச்சிக்குப் பெயர் வைக்கும் சொற்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள். பக்கத்துக்கு நாலைந்து வட்டம் விழுந்தால் வேலையை அங்கே தொடங்கலாம். ஒரு பக்கத்தைத் தேர்ந்து, அந்தச் சொற்கள் ஒன்றுகூட இல்லாமல் 200 சொற்களில் திரும்ப எழுதுங்கள். முதல் தடவை அநேகமாக 'கண்கள் கலங்கின', 'நெஞ்சு படபடத்தது' என்றுதான் வரும். அதே பெயர்தான், உடம்பைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது. இரண்டாம் தடவை கண், முகம், நெஞ்சு மூன்றையும் விலக்கிவிடுங்கள். அப்போது கை வேறு இடம் தேடியே ஆகவேண்டும்: அவன் கதவை எப்படிச் சாத்துகிறான், எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றுகிறான். மூன்றாம் தடவை 120 சொற்களாகக் குறையுங்கள். தடவைக்கு இடையே இரண்டு நாள் விடுங்கள். உடனே உட்கார்ந்தால் பழைய வாக்கியமே காதில் ஒலிக்கும்.

கேள்வி: என் கதைமாந்தர் எல்லாரும் ஒரே குரலில் பேசுகிறார்களாம். வட்டார வழக்கைச் சேர்த்தால் சரியாகுமா?

பதில்: ஆகாது. இருவர் ஒரே வழக்கில் பேசினால் மறுபடியும் ஒரே குரல்தான். ஒருவருக்கு ஏதோ வேண்டும், மற்றவர் தர விரும்பவில்லை என்று வைத்துக்கொண்டு 20 வரி உரையாடல் எழுதுங்கள். பெயர் வேண்டாம், 'சொன்னான்', 'கேட்டாள்' வேண்டாம். ஒருவர் ஒரு வரியில் ஐந்து சொல்லுக்கு மேல் பேசக்கூடாது. மற்றவர் எதையும் நேராகக் கேட்கக்கூடாது. 'நீங்கள்' என்று தொடங்கியவர் ஒரே ஓர் இடத்தில் 'நீ'க்கு இறங்கவேண்டும். அந்த இடத்தைத் தேடுவதுதான் இந்தப் பயிற்சியின் உயிர்: சீக்கிரம் வந்தால் முரட்டுத்தனமாகப் படும், கடைசி வரியில் வந்தால் நாடகமாகிவிடும். மறுநாள் வாய்விட்டு வாசியுங்கள். ஒரே வாயிலிருந்து 'வந்துட்டேன்', 'சென்றுகொண்டிருக்கிறேன்' இரண்டும் வந்தால் உடனே காது பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: பிடித்த எழுத்தாளரின் கதையை அப்படியே பிரதி எடுப்பது உதவுமா?

பதில்: பார்த்து எழுதினால் பத்தாவது வரியில் மனம் எங்கோ போய்விடும். ஒரு பத்தியை இரண்டு முறை படித்துப் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவிலிருந்து எழுதி ஒப்பிடுங்கள். அவர் வினைச்சொல்லோடு நிறுத்திய இடங்களில் நீங்கள் அடைமொழி சேர்த்திருப்பீர்கள். ஒரு பத்தி போதும், முழுக்கதை வேண்டாம்.