ஆறாயிரம் டாலர் முகாமா, சம்பளத்தோடு கணக்கா?

பாஸ்டன் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். சொந்த ஊர் மதுரை. கணவர் மிசிசிப்பி மாநிலம் ஜாக்சனில் பிறந்து வளர்ந்த கறுப்பினத்தவர். மகள் பத்தாம் வகுப்பு. சின்ன வயதிலிருந்து கணக்கில் சுட்டி. இப்போது ஹானர்ஸ் என்கிற கடினமான கணக்கு வகுப்பில் இவள் ஒருத்திதான் கறுப்புப் பிள்ளை. கை தூக்குவதையே நிறுத்திவிட்டாள், "எனக்குக் கணக்கு வராதும்மா" என்கிறாளாம். நியூஜெர்சியில் இதய மருத்துவராக இருக்கும் தாய்மாமன், பெரிய பல்கலைக்கழகம் ஒன்றில் நடக்கும் இரண்டு வார மருத்துவ முகாமில் சேர்க்கச் சொல்கிறார். கட்டணம் ஆறாயிரம் டாலர். "அப்படியே பி.எஸ்.-எம்.டி. ரூட்ல போட்டுடலாம்" என்பது அவர் கணக்கு; இளங்கலையும் மருத்துவமும் ஒரே சேர்க்கையில் கிடைக்கும் வழி அது. மதுரைப் பாட்டி போனில் தினமும் டாக்டர் பேச்சுதான்.

பயப்படாதீர்கள், பத்தாம் வகுப்பில் இந்தத் தடுமாற்றம் நிறையப் பிள்ளைகளுக்கு வருவதுதான் என்று ஆறுதல் சொல்லி முடித்திருப்பேன். நீங்கள் அனுப்பிய முகாம் விவரத்தைப் படித்த பிறகு அப்படி முடிக்க மனம் வரவில்லை. அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள்.

இந்த வகை முகாம்களில் பலவற்றைத் தனியார் நிறுவனங்களே நடத்துகின்றன. கோடையில் காலியாகக் கிடக்கும் விடுதியையும் வகுப்பறையையும் வாடகைக்கு எடுத்துக்கொள்வார்கள். பணம் கட்டினால் இடம். சான்றிதழில் பெரிய பெயர் இருக்கும். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர்களின் அட்மிஷன் அலுவலகத்தில் அதற்குத் தனி மதிப்பு கிடையாது. உங்கள் அண்ணன் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் அவர் பார்த்த வழி அவருடையது. டாக்டராக ஆசையா என்று அந்தப் பெண்ணிடம் யாராவது கேட்டீர்களா? கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: மதுரையிலிருக்கும் தம்பி முறைப் பையனுக்கு வீடியோ காலில் ஒரு மணி நேரம் பின்னக் கணக்கு சொல்லிக்கொடுத்தாள் என்று. எனக்கு அந்த ஒரு வரி போதும்.

எம்.ஐ.டி. பள்ளி மாணவர்களுக்கு நடத்தும் மைட்ஸ் என்ற கோடைகால அறிவியல் திட்டம் பற்றி உங்களுக்கே தெரியும். இலவசம், கடும் போட்டி, பதினொன்றாம் வகுப்பில் விண்ணப்பித்துப் பார்க்கட்டும். இப்போதைக்கு நான் சொல்வது உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே, கேம்பிரிட்ஜில் இருப்பது: யங் பீப்பிள்ஸ் ப்ராஜெக்ட்.

இதன் வேர் பாப் மோசஸ். 1960களில் மிசிசிப்பியில் கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்க அடி உதை வாங்கியவர். 1982இல் கேம்பிரிட்ஜில் எட்டாம் வகுப்பு படித்த தன் மகளுக்குப் பள்ளியில் இயற்கணிதம் இல்லை என்றதும், அந்த வகுப்புக்கே போய்ச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அல்ஜீப்ரா ப்ராஜெக்ட் பிறந்தது அப்படித்தான். அன்று ஓட்டு எப்படியோ, இன்று இயற்கணிதம் அப்படி என்பது அவர் வாதம். அது இல்லாத பிள்ளைக்கு நல்ல வேலை கிடையாது. எதிர்மறை எண்ணைக் கரும்பலகையில் தொடங்க மாட்டார். பிள்ளைகளை பாஸ்டனின் ரெட் லைன் நகர ரயிலில் ஏற்றுவார். ஒரு நிலையத்தைப் பூஜ்யம் என்று வைத்து, இந்தப் பக்கம் எத்தனை நிலையம், அந்தப் பக்கம் எத்தனை என்று பார்க்கச் சொல்வார். வந்து படம் வரையணும், தங்கள் பேச்சில் சொல்லணும், அதைத் துல்லியமான பேச்சாக்கணும். கூட்டல் குறியும் கழித்தல் குறியும் கடைசியில்தான்.

பின்னாளில் ஜாக்சனில் லேனியர் உயர்நிலைப் பள்ளியில் பாடம் எடுத்தார். உங்கள் கணவருக்கு அந்தப் பள்ளி தெரிந்திருக்கும். அல்ஜீப்ரா ப்ராஜெக்டில் படித்து வந்த பிள்ளைகள் 1996இல் தொடங்கியதுதான் யங் பீப்பிள்ஸ் ப்ராஜெக்ட். உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, சம்பளமும் கொடுத்து, பள்ளி விட்ட பிறகு சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்கு நடத்த அனுப்புகிறார்கள். ஆமாம், நீங்கள் கட்டுவதில்லை. அவள் வாங்கி வருவாள்.

ஃப்ளாக்வே என்று ஒரு விளையாட்டு அங்கே உண்டு. ஒரு எண்ணைப் பகா எண்களாக உடைக்க வேண்டும். 10 என்றால் 2, 5. இரண்டு வெவ்வேறு பகா எண்கள், இரட்டைப்படை. 30 என்றால் 2, 3, 5, மூன்று, ஒற்றைப்படை. 12 என்றால் 2, 2, 3; ஒன்று திரும்ப வந்துவிட்டது, அது தனி ஜாதி. மூன்று வகைக்கு மூன்று வண்ணம். தரையில் போட்ட வண்ணப் பாதைகளில் குழுக்கள் ஓடும். எட்டு வயதுப் பையன் மூச்சு வாங்க நின்று, "12க்கும் 30க்கும் ஏன் ஒரே கலர் இல்லை? ரெண்டுலயும் மூணு நம்பர் இருக்கே!" என்று கேட்பான். பதில் சொல்ல வேண்டியது உங்கள் மகள். எண்களை இப்படி மூன்று வகையாகப் பிரிப்பதற்குப் பின்னால் இருப்பது மோபியஸ் சார்பு என்ற கணிதக் கருத்து. கல்லூரியில் எண்ணியல் படிக்கிறவர்கள்தான் வழக்கமாக அதைப் பார்ப்பார்கள். அதை ஒரு சிறுவனுக்குப் புரியவைத்தவள் மறுநாள் ஹானர்ஸ் வகுப்பில் வாயை மூடிக்கொண்டு இருப்பாளா?

இது வெறும் ஊக்கப் பேச்சு இல்லை. 1970களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி டிரைஸ்மன் என்ற கணிதக்காரர், கால்குலஸில் கறுப்பின மாணவர்கள் ஏன் பின்தங்குகிறார்கள் என்று தேடினார். ஆர்வமில்லை, வீட்டில் ஊக்கமில்லை என்று சகாக்கள் சொன்ன காரணம் எதுவும் நிற்கவில்லை. அவர்கள் தனித்தனியாக உட்கார்ந்து படித்தார்கள். சீன வம்சாவளி மாணவர்கள் கூடி உட்கார்ந்து ஒருவர் விடையை ஒருவர் சோதித்தார்கள். டிரைஸ்மன் டியூஷன் வைக்கவில்லை. இன்னும் கடினமான கணக்குகளைக் கொடுத்துக் குழுவாக உட்கார வைத்தார், மதிப்பெண் ஏறியது. ஆகவே யாராவது உங்கள் பெண்ணுக்கு "எளிமையான பிரிவு நல்லது" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஹானர்ஸிலிருந்து இறக்க எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். அவளுக்குத் தேவை கூட உட்கார ஆள்.

பின்னால் அவளாகவே மருத்துவ ஆராய்ச்சி என்று வந்தாலும் இந்த வழி அடைத்துப்போகாது. மேரிலாண்டில் யு.எம்.பி.சி. பல்கலைக்கழகத்தின் மேயர்ஹாஃப் என்ற அறிவியல் உதவித்தொகைத் திட்டம் 1988இல் கறுப்பின இளைஞர்களுக்காகத் தொடங்கியது. 1996 முதல் எல்லா இனத்தவரும் விண்ணப்பிக்கலாம். மாடர்னா கொரோனா தடுப்பூசியில் முக்கியப் பங்காற்றிய கிஸ்மேகியா கோர்பெட் அங்கே படித்தவர். அதற்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. ஒன்று மட்டும்: கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதற்கு எதிரான 2023 அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு இப்படிப்பட்ட பல திட்டங்கள் விண்ணப்ப வாசகத்தை மாற்றிவிட்டன. பழைய விவரத்தை நம்பாமல் நேரடியாகக் கேளுங்கள்.

இந்த வாரம் கேம்பிரிட்ஜுக்கு அவளையே போன் செய்யச் சொல்லுங்கள், நீங்கள் பேசாதீர்கள். அடுத்த பயிற்சி எப்போது, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்தப் பள்ளி என்று அவள் கேட்கட்டும். வேலை அனுமதிச் சீட்டு தேவை என்றால் பள்ளி மாவட்ட அலுவலகத்தில் வாங்கலாம். ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு "பிடிக்கவில்லை" என்றால் விட்டுவிடுங்கள். மாமனுக்குப் பதில் நான் வந்து நெருக்க முடியாது. அப்போதும் அந்த ஆறாயிரம் முகாமுக்குப் போக வேண்டாம். அவள் பெயரிலுள்ள 529 என்ற கல்விச் சேமிப்புக் கணக்கில் போடுங்கள், கல்லூரி முதல் வருடப் புத்தகச் செலவுக்கு ஆகும்.