கடல் கடந்தவனுக்கு ஒரு வருடத் தவணை

காணி கேள்வி – பதில்
(முப்பத்தெட்டு வருடம் யாழ்ப்பாணத்தில் காணி உறுதி (கிரயப் பத்திரம்) எழுதும் நொத்தாரிசாக இருந்து ஓய்வு பெற்றவர் வாசகர்களுக்குப் பதில் தருகிறார்.)

ஐயா, வடமராட்சியில் எங்கள் அப்பாவின் முதுசொம் (பரம்பரைக்) காணி எட்டுப் பரப்பு இருக்கிறது. சகோதரர் மூவருக்கும் பிரியாத பங்கு. அண்ணா தன் பங்கை எனக்கு ஒரு சொல்கூடச் சொல்லாமல் பிறத்தியாருக்கு விற்றுவிட்டார். "கடல் கடந்தவனுக்கு ஒரு வருடத் தவணை உண்டு" என்று அப்பா சொல்வார். அது சட்டமா, வெறும் பேச்சா?
— வாசகர், டொரொன்டோ

வெறும் பேச்சு அல்ல, தம்பி. உங்கள் அப்பா சொன்னது தேசவழமையில், அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டத்தில், எழுதி வைத்த விஷயம்.

ஒல்லாந்தர் காலத்தில், 1706இல், ஆளுநர் சைமன்ஸ் யாழ்ப்பாணத்து வழக்கங்களை எழுதித் தரும்படி கிளாஸ் ஐசாக்ஸ் என்ற திசாவையை, அதாவது ஒல்லாந்த நிர்வாக அதிகாரியை, பணித்தார். பல காலம் இந்த மண்ணிலேயே உத்தியோகம் பார்த்த மனிதர் அவர். 1707 தொடக்கத்தில் எழுதி முடித்தார். அதைத் தமிழாக்கி, ஊர்த் தலைவர்களான 12 முதலியார்கள் படித்துப் பார்த்து, சரி என்று ஒப்பினார்கள். பிறகு ஆங்கிலேயர் 1806இல், 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால், அதற்குச் சட்டவலுக் கொடுத்தார்கள்.

காணி விற்க நினைப்பவன் முதலில் உரித்தாளிக்கும், பங்காளிக்கும், அந்தக் காணியை ஈடாக வைத்திருக்கக்கூடிய பக்கத்துக் காணிக்காரனுக்கும் அறிவிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. அறிவித்தலுக்குத் தவணையும் உண்டு. ஒரே ஊரில் இருப்பவனுக்கு ஒரு மாதம். அதே மாகாணத்தில் வேறு ஊர் என்றால் மூன்று மாதம். வேறு மாகாணம் என்றால் ஆறு மாதம். வெளிநாட்டில் இருப்பவனுக்கு ஒரு வருடம்.

அந்த ஒரு வருடத்தை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். பருத்தித்துறையிலும் வல்வெட்டித்துறையிலும் பாய்மரம் ஏறியவன் ஒரு காற்றில் போய் மறு காற்றில்தான் திரும்புவான். சோழகம் (தென்மேற்குக் காற்று) ஒன்று, வாடை (வடகிழக்குக் காற்று) ஒன்று, இரண்டும் சேர்ந்தால் ஒரு வருடம். கடலை அறிந்தவர்கள் வைத்த கணக்கு என்றே நான் நினைக்கிறேன். தோணியில் போனவன் திரும்பி வரும்வரை அவனுடைய பங்கு பத்திரமாக இருக்க வேண்டும் என்ற அக்கறை அதற்குள் இருக்கிறது.

ஆனால் ஐசாக்ஸ் எழுதும்போதே அந்தத் தவணை பழைய வழக்கமாகிவிட்டது. 1694இல் யாழ்ப்பாணத்து ஒல்லாந்தத் தலைமை அதிகாரியான கொம்மாந்தோர் புளோம் ஓர் உத்தரவு போட்டிருந்தார். விற்கும் எண்ணத்தை அவரவர் கோயிலில், அதாவது ஒல்லாந்தர் தேவாலயத்தில், அடுத்தடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமை வாசிக்க வேண்டும். உரிமை கோருபவன் அதற்குள் வர வேண்டும். ஒரு வருடம் மூன்று ஞாயிறாகச் சுருங்கிவிட்டது. நாகபட்டினத்தில் சரக்கு இறக்கிக்கொண்டிருப்பவனின் காதில் அந்த வாசிப்பு எப்படி விழும்? ஆட்சி நடத்துபவருக்கு வசதியாக ஒரு விதியை மாற்றும்போது முதலில் அடிபடுபவன் ஊரில் இல்லாதவன். இதை எத்தனையோ உறுதிகளில் கண்கூடாகப் பார்த்தவன் நான்.

இன்றைய நிலைக்கு வருகிறேன். 1947இல் முன்கொள்வனவு உரிமைக்கு, அதாவது பிறத்தியாருக்கு முன் வாங்கும் உரிமைக்கு, தனிச்சட்டம் வந்தது. அயல் காணிக்காரன் அதில் விடுபட்டுப் போனான். பங்காளியும், விற்பவர் மரண சாதனம் (உயில்) எழுதாமல் இறந்தால் உரித்தாளியாக வரக்கூடியவரும் அதில் இருக்கிறார்கள். நீங்கள் பங்காளி. உங்களுக்கு முறைப்படி அறிவித்தல் தந்திருக்க வேண்டும். தராவிட்டால் வழக்கு வைக்க இடம் உண்டு. ஆனால் அதற்குக் கால எல்லை இருக்கிறது. இந்தப் பதிலைப் படித்துவிட்டு அடுத்த விடுமுறை வரை காத்திராதீர்கள். உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்தில் எடுப்பித்து, இந்த வாரமே ஒரு சட்டத்தரணியிடம் கொடுங்கள்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை கப்பலில் வேலை செய்த ஒருவரிடமிருந்து நீல நிற வான்கடிதம் ஒன்று என் மேசைக்கு வந்தது. "என் பங்கை அடுத்தவன் வாங்குவதற்கு முன் நான் வந்து சேருவேன், பொறுங்கள்" என்று பென்சிலால் எழுதியிருந்தார். காணி வாங்க வந்தவர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வந்து அவசரப்படுத்தினார். விற்கும் அண்ணனைக் கூப்பிட்டுக் கடிதத்தைக் கையில் கொடுத்தேன். அவர் இரண்டு முறை படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான்கு மாதம் பொறுத்தார். தம்பி வந்தார், காணி குடும்பத்திலேயே நின்றது. உங்கள் அண்ணாவுடனும் முதலில் ஒருமுறை பேசிப் பாருங்கள்.

எனது சீதனக் காணியை விற்க என் கணவரின் கையெழுத்து வேண்டும் என்கிறார்கள். அவர் பதினொரு வருடமாக எங்களோடு இல்லை. இருக்கும் இடமும் தெரியாது. நான் என்ன செய்வது?
— வாசகி, சாவகச்சேரி

அம்மா, சீதனம் உங்களுடையது. அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், உரித்துரிமைக் கட்டளைச் சட்டம் ஒரு முடிச்சுப் போட்டிருக்கிறது. அசையும் சொத்தை மனைவி தன் விருப்பப்படி கொடுக்கலாம். மரண சாதனமும் எழுதலாம். உயிரோடிருக்கும்போது காணியை விற்பதானால் கணவரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். ஆங்கில அரசு தன் நாட்டில் 1882இலேயே மணமான பெண்ணின் சொத்தை அவள் கையில் கொடுத்துவிட்டது. இங்கே 1911இலும் அந்த மனம் வரவில்லை. இன்றும் பெண்கள் என் வீட்டுத் திண்ணையில் வந்து கண் கலங்குவதைப் பார்க்கிறேன். இது மாற வேண்டும் என்று நான் வெளிப்படையாகவே சொல்லி வருகிறேன்.

உங்களுக்கு வழி அதே சட்டத்தில் இருக்கிறது. கணவர் கைவிட்டுப் போனாலோ, இருப்பிடம் தெரியாவிட்டாலோ, நியாயமில்லாமல் சம்மதம் மறுத்தாலோ மாவட்ட நீதிமன்றம் அனுமதி தரலாம். கிராம அலுவலரின் கடிதம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கணவரைத் தேடி நீங்கள் எழுதிய கடிதங்கள் எல்லாவற்றையும் ஒரு கோவையாகக் கட்டிக்கொண்டு போங்கள்.

ஊர்காவற்றுறைத் துறைமுகத்தையும் காணி வழக்கையும் கச்சேரியே (அரச நிர்வாக அலுவலகமே) பார்த்ததாக என் தாத்தா சொல்வார். ஒரே ஆள் எப்படி இரண்டையும் பார்த்தார்? உடையார், மணியகாரர், விதானை யார்?
— வாசகர், வேலணை

காணி வழக்கைத் தீர்த்தது நீதிமன்றம். ஆனால் யாருடைய காணி எது, எல்லை எங்கே என்பது கச்சேரியின் ஆட்கள் வாயில்தான் இருந்தது. 1833இல் மாகாணங்கள் வகுத்தபோது கச்சேரியின் தலைவரான கலெக்டர், ஏஜெண்டர் (அரசாங்க அதிபர்) ஆனார். வடமாகாணத்தில் டைக் 1829இலிருந்து 1867 வரையும், டுவைனம் 1869இலிருந்து 1896 வரையும் இருந்தார்கள். இரண்டே பேர், அறுபது வருடத்துக்கு மேல். வரி, வீதி, மன்னார் முத்துக்குளிப்பு எல்லாம் அவர்கள் கண்பார்வையில் நடந்தன. டுவைனத்தின் தகப்பனார் காலித் துறைமுகத்தின் அதிகாரி. ஆகவே கடல் காரியம் அவருக்குப் பிறந்த வீட்டுச் சங்கதி. முத்துக்குளிப்புக் காலத்தில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. மூச்சடக்கிக் கடலடிக்குப் போனவனுக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

மணியகாரர் ஒரு பகுதிக்கு, உடையார் அதற்குள் சில ஊர்கள் சேர்ந்த ஒரு கோயிற்பற்றுக்கு, விதானை ஓர் ஊருக்குத் தலைவர். ஏஜெண்டர் குதிரையில் வந்து போவார். உடையார் அங்கேயே இருப்பார். எந்தப் பனை யாருடையது, எந்தக் கிணற்றில் யாருக்கு எத்தனை பங்கு என்பது அவருக்குத் தெரியும். அந்த அறிவால் ஊரைக் காப்பாற்றிய உடையாரும் உண்டு. அதையே வைத்து ஏழையின் வேலியைத் தள்ளிப் போட்ட உடையாரும் உண்டு. 1963இல் விதானைமாரின் இடத்துக்குக் கிராம சேவகர் வந்தார்.

துறைமுகத்தின் கதையைப் புகையிரதம் மாற்றிவிட்டது. 1902இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே ரயில் ஓடியது. 1905இல் கொழும்போடு பாதை இணைந்தது. தோணிக்காரரின் கூலியில் ஒரு பகுதி அதோடு போயிற்று.

மட்டக்களப்பில் எங்களுக்கும் முக்குவர் சட்டம் இருந்தது. உங்களுக்குத் தேசவழமை நிலைத்தது, எங்களுடையது ஏன் போயிற்று?
— வாசகர், களுவாஞ்சிக்குடி

நியாயமான கேள்வி. கேட்கும்போது எனக்கும் மனம் கனக்கிறது. தாய்வழியில், சகோதரியின் பிள்ளைகளுக்குச் சொத்துப் போன வழக்கம் உங்களுடையது. விவாகச் சொத்துக்கும் உரித்துக்கும் பொதுச்சட்டமாக 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தபோது கண்டியரையும் முஸ்லிம்களையும் தேசவழமைக்கு உட்பட்ட வடமாகாணத் தமிழரையும் விலக்கி வைத்தார்கள். உங்களை விலக்கவில்லை. யாழ்ப்பாணத்தவருக்கு ஐசாக்ஸின் ஏடும் 12 முதலியார்களின் ஒப்புதலும் கையில் இருந்தன. உங்கள் வழக்கம் பெரிய காணிக்காரரான போடியார் வாயிலும் கோயில் நிர்வாகியான வண்ணக்கர் வாயிலும் இருந்தது. எழுத்தில் இல்லாததை நீதிமன்றம் நம்பத் தயங்கும். ஆனாலும் கோயிலில் எந்தக் குடிக்கு (வம்சத்துக்கு) எந்த உரிமை என்று பார்க்கும்போது இன்றும் தாயின் குடியைத்தானே கேட்கிறீர்கள்? பெரியவர்கள் இருக்கும்போதே அதைக் கேட்டு எழுதி வையுங்கள்.

அம்மம்மாவின் டிரங்குப் பெட்டியில் பழைய உறுதிகள் இருக்கின்றன. மடிப்பில் கிழிகின்றன. என்ன செய்யலாம்?
— வாசகி, கோப்பாய்

முதலில் ஒட்டும் நாடா போடாதீர்கள், பிள்ளை. ஒட்டிய இடம் மஞ்சளாகி எழுத்தையும் தின்றுவிடும். மெதுவாக விரித்துப் பகல் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் படம் எடுங்கள். பின்பக்கத்தில்தான் பதிவு இலக்கம் இருக்கும். பிறகு "இதற்கெல்லை கிழக்கு" என்று தொடங்கும் இடத்தைத் தேடி வாசியுங்கள். அதற்குக் கீழே, "கிணற்றில் பங்கும் வழி வாய்க்கால் பாத்தியமும்" என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் படத்தை எனக்கு அனுப்புங்கள்.