மெட்ராஸ் போனா கூலி ஏறும், யாருக்கு ஏறும்?

கேள்வி: அக்கா, நாங்க வாலாஜா பக்கம். நான் ராணிப்பேட்டைல ஒரு ஷூ கம்பெனில ஸ்டிச்சிங், நாலு வருஷம் நாலு மாசம் ஆவுது. பேசிக் டிஏ (அடிப்படை சம்பளம், அகவிலைப்படி) 12,000, மொத்தம் 14,000, பிஎஃப் இஎஸ்ஐ உண்டு. வீட்டுக்காரர் பெயிண்டர், நாள் கூலி 800, மாசம் 22 நாள் வேலை. மெட்ராஸ்ல இருக்குற கொழுந்தனார் "இங்க 1,100 கூலி, அண்ணிக்கு ஜவுளிக்கடைல கைக்கு 15,000, வந்துடுங்க"ன்றாரு. போலாமா?

பதில்: உங்க ரெண்டு பேருக்கும் ஒரே பதில் கிடையாதும்மா. அவருக்கு வேற, உனக்கு வேற.

ஊர் பெருசானா சம்பளம் ஏறும்ன்றது நிஜம் தான். கொலம்பியா நாட்டு ஊருங்கள வெச்சு டுராண்டன்னு ஒரு பொருளாதார ஆராய்ச்சியாளர் போட்ட கணக்குப்படி ஜனத்தொகை ரெண்டு மடங்கான ஊர்ல சம்பளம் மூணரை சதவீதம் போல கூட. 2011 சென்சஸ்ல உங்க பக்கத்துப் பெரிய ஊரு வேலூரும் ஒட்டின ஊருங்களும் 4.8 லட்சம், மெட்ராஸ் 86 லட்சத்துக்கு மேல, பதினெட்டு மடங்கு. அந்தக் கணக்க நம்ம ஊருக்கு வெச்சா 15 சதவீதம் சொச்சம் தான் வருது. அப்படியே இங்க ஒட்டாது, ஆனா கொழுந்தனார் சொல்றது 37 சதவீதம், அதுல எவ்ளோ வாடகைக்கும் பஸ்ஸுக்கும் தண்ணி கேனுக்கும் போவும்னு பாரு.

பெயிண்டர், கொத்தனார் மாதிரி ஆளுங்களுக்கு பெரிய ஊர் நல்லது செய்யுது, ஏன்னா அங்க மேஸ்திரிங்க நிறைய, ஒருத்தர் கூலி இழுத்தடிச்சா இன்னொருத்தர் கிட்ட போயிடலாம், அதோட இங்க வெள்ளையடிக்கிறதுல இருந்து எல்லாத்தையும் ஒரே ஆள் செய்யணும், அங்க டெக்ஸ்சர், மர பாலிஷ்னு ஒண்ணப் புடிச்சு கத்துக்கினா அதுக்குத் தனி ரேட்டு. ஆனா நாள் எண்ணிக்கைய விட்டுடாத. 800 வீதம் 22 நாள் 17,600. அங்க 1,100 வீதம் 16 நாள் கிடைச்சாலும் அதே 17,600 தான்! ஹாரிஸ், டொடாரோன்னு ரெண்டு பொருளாதார ஆராய்ச்சியாளருங்க 1970லயே இதைத் தான் எழுதினாங்க, பட்டணத்துக்குக் கிளம்புற ஆளு கூலிய மட்டும் பார்க்கக் கூடாது, வேலை கிடைக்கிற வாய்ப்பையும் சேர்த்துப் பெருக்கணும்னு.

உன் கதைக்கு வரேன். உன் சம்பளத்துல புடிக்கிறது பிஎஃப் 1,440, இஎஸ்ஐ 105, கைக்கு 12,455, அதனால 15,000 பெருசா தெரியுது. ஆனா கம்பெனி தன் பங்குக்கு பிஎஃப் 1,440, இஎஸ்ஐ 455 கட்டுது, உன் 14,000த்தோட சேர்த்தா மொத்தம் 15,895. கடைல பிஎஃப் இஎஸ்ஐ இல்லன்னா ஜவுளிக்கடை 15,000 இதுக்கும் கம்மி, பண்டிகை சீசன்ல நாள் முழுக்க நின்னுக்கினே இருக்கணும், புள்ளைக்கு காய்ச்சல்னா இஎஸ்ஐ வைத்தியமும் இருக்காது. பிஎஃப் இருக்குற வேலைய விட்டுட்டு கைக்குக் காசு தர வேலைக்குப் போற பொம்பளைங்கள நிறைய பார்க்குறேன், வயித்தெரிச்சலா இருக்கு, திரும்ப அந்த மாதிரி வேலைக்குள்ள நுழையறது அவ்ளோ கஷ்டம்.

இன்னொண்ணு, அஞ்சு வருஷம் முடிஞ்சா உனக்கு கிராஜுட்டி, அதாவது வேலைய விடும்போது கம்பெனி தர பணிக்கொடை. வருஷத்துக்கு 15 நாள் சம்பளம், 26 நாள் மாசக் கணக்குல, உன் பேசிக் டிஏக்கு அஞ்சு வருஷத்துக்கு 34,600 சொச்சம். எட்டு மாசம் தான் பாக்கி, இப்ப ராஜினாமா எழுதிக் குடுத்துடாதம்மா தயவு செஞ்சு.

வீட்டுக்காரர் மட்டும் முதல்ல போய் தம்பி வீட்ல தங்கி வேலை பார்க்கட்டும், வாலாஜா ரோட்டுல ட்ரெயின் ஏறினா ஞாயித்துக்கிழமை வந்துட்டுப் போலாம். எத்தினி நாள் வேலை, கைல எவ்ளோ நின்னுச்சுன்னு நோட்டுல எழுதி வைக்கச் சொல்லு. மழை மாசம் ஒண்ணாவது அதுல வரணும், ஐப்பசி கார்த்திகைல வெளிப்பக்கம் பெயிண்ட் அடிக்க முடியாது. நீ அஞ்சு வருஷம் முடிச்சப்புறம் மெட்ராஸ்ல ஆன்ரோல் வேலை, அதாவது கம்பெனி நேரடியா எடுக்குற வேலை கிடைச்சா போ, காண்ட்ராக்டர் மூலமான்னு கேட்டுக்கோ, பழைய யுஏஎன், அதான் பிஎஃப் நம்பரையே குடு, பிஎஃப்ப எடுத்து செலவு பண்ணிடாம மாத்திக்கோ. கொழுந்தனார் கிட்ட இன்னிக்கே கேக்க வேண்டியது ஒண்ணு தான், அந்தக் கடைல பிஎஃப் புடிக்கிறாங்களா இல்லியா.